பீரோவுக்குள் இருக்கும் காது மிஷின்

மார்ச் 3, உலக செவித்திறன் தினத்தையொட்டி நடந்த விழிப்புணர்வுக் கூட்டத்தில், அரசு மருத்துவமனை ஆடியாலஜிஸ்ட் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.



இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்க. உங்க வீட்டு பீரோவைத் திறந்து பாருங்க. பாட்டியோட புடவைக்கு அடியிலோ, மாத்திரை டப்பாவுக்குள்ளோ, சாமி படத்துக்குப் பின்னாலோ ஒரு சின்னப் பெட்டி இருக்கலாம். அதற்குள் காதுக்குப் பின்னால் மாட்டுகிற ஒரு கருவி இருக்கும். அரசுத் தாள்களில் அதற்குப் பெயர் காதொலிக் கருவி. நம்ம வாயில் அது காது மிஷின்.

முகாமில் கொடுத்ததாக இருக்கும், இல்லைன்னா மகன் கடையில் வாங்கித் தந்ததாக இருக்கும். இரண்டு நாள் போட்டிருப்பார்கள். மூன்றாம் நாள் கழற்றி வைத்திருப்பார்கள்.

இந்தத் தப்பில் எனக்கும் பங்கு உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு முகாமுக்குப் போயிருந்தேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை வரிசை. பெயரைக் கூப்பிடுவோம், பெட்டியைக் கொடுப்போம், போட்டோ எடுப்போம், அடுத்தவர் வருவார். மறுவருஷம் வேறு வேலையாக அதே ஊருக்குப் போனேன். ஒரு பாட்டி என்னை அடையாளம் கண்டுகொண்டு, வீட்டுக்குள் போய் அந்தப் பெட்டியை எடுத்து வந்து என் கையில் வைத்தார். "நீயே வச்சுக்கோ கண்ணு. காதுல வச்சா கூவுது. வேற யாருக்காச்சும் குடு" என்றார். பேட்டரி அட்டை பாதிகூடப் பிரிக்கப்படவில்லை.

முகாம் முடிந்த அன்று எங்கள் கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு ஒரு வருஷம் அந்தப் பாட்டிக்குக் காது கேட்கவே இல்லை. அது எந்தக் கணக்கிலும் வரவில்லை.

அவரை மருத்துவமனைக்கு வரச் சொன்னேன். கருவியில் எந்தப் பழுதும் இல்லை. அவர் காதின் அளவுக்கு அச்சு எடுத்து இயர் மோல்ட் செய்யவில்லை, அவ்வளவுதான். பொதுவான ரப்பர் முனையை மாட்டிக் கொடுத்திருந்தோம். அது காதில் சரியாக உட்காரவில்லை. இடைவெளி வழியாகச் சத்தம் வெளியே வந்து, திரும்பவும் கருவியின் மைக்குக்குள் போகும், அதனால்தான் கூவியது. மோல்ட் செய்து, சத்தத்தின் அளவை அவர் காதுக்கேற்ப மாற்றிப் போட்டோம். போட்டதும் பாட்டி மேலே பார்த்தார். "இந்த ஃபேன் எப்பவுமே இவ்ளோ சத்தமாவா ஓடுது?" என்று கேட்டார். ரெண்டு வாரம் கழித்து மறுபடி வந்தபோது என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "மருமக எங்கிட்ட பேசறதையே விட்டுட்டான்னு நெனச்சிட்டு இருந்தேன். பாவம், அவ பேசிட்டுத்தான் இருந்திருக்கா."

காது கேட்காததால் ஒரு வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை.

எத்தனை பேருக்கு இந்தப் பிரச்சினை?

உலக சுகாதார நிறுவனம் 2021-இல் செவித்திறன் பற்றி ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. அதன்படி உலகத்தில் 43 கோடிப் பேருக்குச் சிகிச்சையோ, கருவியோ, பயிற்சியோ தேவைப்படும் அளவுக்குக் காது கேளாமை இருக்கிறது. அவர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேர் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் இருப்பவர்கள். காது மிஷினால் பயன் பெறக்கூடிய 100 பேரில் 17 பேர்தான் அதை உண்மையில் பயன்படுத்துகிறார்கள்.

மீதி 83 பேர் ஏன் பயன்படுத்தவில்லை? விலை ஒரு காரணம். ஆனால் இலவசமாகக் கிடைத்த கருவியும் பீரோவுக்குப் போகிறதே! என் அனுபவத்தில், கருவி ஒருவருக்குப் பயன்படுவதற்கு முன்னால் பாதை நாலு இடத்தில் அறுந்துபோகிறது. ஒன்று, பரிசோதனை. இரண்டு, காகித வேலை. மூன்று, பொருத்துவது. நாலு, பேட்டரியும் பராமரிப்பும். இந்த நாலு இடத்திலும், கையில் ஸ்மார்ட்போன் வைத்திருக்கும் நீங்க ஒட்டுப்போட முடியும்.

முதல் இடம்: பரிசோதனை

காது கேட்காதவர் "எனக்குக் கேட்கல" என்று வந்து சொல்ல மாட்டார். "நீங்கள்லாம் முணுமுணுக்கிறீங்க" என்றுதான் சொல்வார். டிவி சத்தம் கூடும். போனில் பேசுவதைத் தவிர்ப்பார். கல்யாண வீட்டில் ஓரமாக உட்கார்ந்துவிடுவார். கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் வரும். வீட்டில் சிரிப்பார்கள், கொஞ்ச நாளில் அவர் பேசுவதே குறைந்துவிடும். இதைக் கவனிக்க வேண்டியது நீங்கதான்.

உலக சுகாதார நிறுவனத்தின் 'ஹியர்-ஹூ' என்ற இலவச செயலி ஒன்று 2019-இல் வந்தது. ஹெட்போன் போட்டுக்கொண்டு, இரைச்சலுக்கு நடுவே ஒலிக்கும் எண்களைக் கேட்டு அழுத்த வேண்டும். சில நிமிஷ வேலை. இது வடிகட்டிப் பார்க்கும் சோதனை மட்டும்தான். மதிப்பெண் குறைந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போகணும்.

மருத்துவர் முதலில் காதுக்குள் பார்ப்பார். சிலருக்கு அழுக்கு கட்டியாக அடைத்திருக்கும். எடுத்தாலே கேட்கும், கருவியே வேண்டாம். சிலருக்குச் செவிப்பறையில் ஓட்டை இருக்கும், சீழ் வடியும். அதற்கு மருந்தோ அறுவை சிகிச்சையோ தேவைப்படும். இதையெல்லாம் பார்த்த பிறகுதான் ஆடியோகிராம். அதாவது எந்தச் சுருதியில், எவ்வளவு சத்தம் இருந்தால் உங்களுக்குக் கேட்கிறது என்ற வரைபடம். பவர் ஃபிரேம் போடாமல் கண்ணாடி வாங்கினால் எப்படியோ, ஆடியோகிராம் இல்லாமல் காது மிஷின் வாங்குவதும் அப்படித்தான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் இந்தப் பரிசோதனைக்குக் கேளுங்க. எங்கே, எந்த நாளில் என்று தெரியாவிட்டால் 104-ஐ அழைத்துக் கேளுங்க.

இரண்டு விஷயங்களில் மட்டும் காத்திருக்கவே கூடாது.

ஒன்று, நேற்று வரை நன்றாகக் கேட்ட ஒரு காது இன்று திடீரென்று கேட்கவில்லை என்றால், அன்றைக்கே மருத்துவரிடம் போங்க. "சளி பிடிச்சிருக்கும், சரியாயிடும்" என்று ஒரு மாசம் விட்டால், மருந்து வேலை செய்யும் காலம் கடந்துவிடும். எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீங்க.

இரண்டு, குழந்தைகள். பிறந்து 1 மாதத்துக்குள் காதுப் பரிசோதனை, சந்தேகம் இருந்தால் 3 மாதத்துக்குள் உறுதி செய்வது, 6 மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும். இந்த 1-3-6 கணக்கை எல்லாத் தாய்மார்களும் தெரிஞ்சு வச்சுக்கணும். தூங்கும் குழந்தையின் காதில் ஒரு சின்ன முனையை வைத்துச் செய்யும் சோதனை அது, வலிக்காது. என்னிடம் நாலு வயசுக் குழந்தையோடு வருகிறார்கள். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாராம்னு மாமியார் சொன்னாங்க மேடம்." அந்த நாலு வருஷம் குழந்தையின் மூளை மொழியைக் கற்றுக்கொள்ளும் வருஷம். கருவி போட்டும் போதாத குழந்தைகளுக்கு, 6 வயதுக்குள் என்றால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்பிளான்ட் அறுவை சிகிச்சைக்கு வழி இருக்கிறது. வயது தாண்டி வருபவர்களிடம் "ஏன் முன்னாடியே வரல" என்று கேட்க எனக்கு மனசு வருவதில்லை. அதனால்தான் உங்களிடம் இப்போதே சொல்கிறேன்.

இரண்டாம் இடம்: காகித வேலை

தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் நலத் துறை வழியாகக் காதுக்குப் பின்னால் அணியும் காதொலிக் கருவி இலவசமாக வழங்கப்படுகிறது. அதற்கு உங்க மாவட்டத்தின் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகணும். ஒன்றிய அரசின் 'அடிப்' என்ற உதவி உபகரணத் திட்டமும் இருக்கிறது. அந்தத் திட்டத்தில் ஒரு விதி முக்கியம்: ஒருமுறை கருவி வாங்கினால் அடுத்த 3 வருஷத்துக்கு அதே உதவியை மறுபடி கேட்க முடியாது, 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இது 1 வருஷம். பீரோவில் வைத்தாலும் அந்த 3 வருஷம் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

இந்த வழிகளுக்கெல்லாம் அடிப்படை, யுடிஐடி எனும் தனித்துவ அடையாள அட்டை. விண்ணப்பத்தை ஆன்லைனில் போடலாம். புகைப்படம், ஆதார், ஆடியோகிராம் எல்லாவற்றையும் போனில் தெளிவாகப் படம் எடுத்து ஒரே ஃபோல்டரில் வைத்துக்கொள்ளுங்க. விண்ணப்ப எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்க. மருத்துவக் குழு பரிசோதனைக்கு எந்த நாளில் வரணும் என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்க. கூலி வேலைக்குப் போகும் ஒருவர் ஒரு நாள் வீணாக அலைந்தால் அன்றைய சம்பளம் போச்சு. இரண்டு முறை அலைந்தவர் மூன்றாம் முறை வரமாட்டார்.

இங்கே ஒரு சிக்கலையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி, இரண்டு காதிலும் பேச்சொலி அலைவரிசையில் 60 டெசிபல் இழப்பு இருந்தால்தான் 'கேட்கும் திறன் குறைந்தவர்' என்ற வகை. 70 டெசிபல் என்றால் 'காது கேளாதவர்'. நாம் எதிரெதிரே உட்கார்ந்து சாதாரணமாகப் பேசுவதே சுமார் 60 டெசிபல்தான். அப்படியென்றால் 45, 50 டெசிபல் இழப்பு உள்ளவருக்குப் பேச்சு அரைகுறையாகத்தான் கேட்கும். கருவி போட்டால் நல்ல பலன் இருக்கும். ஆனால் சான்றிதழ் வராது. விசைத்தறிக் கூடத்தில் இருபது முப்பது வருஷம் நின்றவர்கள் நிறையப் பேர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

அவர்களுக்கு என்ன வழி? 60 வயதைத் தாண்டி, வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவராகவோ மாத வருமானம் 15,000 ரூபாய்க்குள் உள்ளவராகவோ இருந்தால், 2017-இல் தொடங்கிய 'ராஷ்ட்ரிய வயோஸ்ரீ' திட்டத்தில் முதியோருக்கான உபகரணங்களில் காது மிஷினும் உண்டு. அலிம்கோ நிறுவனம் முகாம் நடத்தும்; முதலில் அளவெடுக்கும் முகாம், பிறகு வழங்கும் முகாம். இதில் முதல் முகாமைத் தவறவிட்டால் இரண்டாவதில் பெயர் இருக்காது. முகாம் தேதி அறிவிப்பு உங்க வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்தால், அடுத்த தெருப் பெரியவரிடம் அதை நேரில் போய்ச் சொல்லுங்க. காது கேட்காதவருக்கு ஒலிபெருக்கி அறிவிப்பும் கேட்காது, ஆட்டோ மைக்கும் கேட்காது. இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் பாதிப் பேர் விட்டுப்போவது இங்கேதான்.

விண்ணப்பம் நகரவில்லை என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். முதல்வரின் உதவி மையம் 1100-க்கும் அழைக்கலாம்.

மூன்றாம் இடம்: பொருத்துவது

கருவியைக் கையில் வாங்கிய அன்றே கேட்க வேண்டிய கேள்விகள் நாலு. இதை அப்படியே போனில் குறித்துக்கொள்ளுங்க.

"என் காதுக்கு மோல்ட் அச்சு எடுப்பீங்களா?"
"என் ஆடியோகிராம்படி இதில் அளவு வச்சிருக்கீங்களா?"
"மறுபடி எப்போ வரணும்?"
"ரிப்பேர்னா யாரைக் கூப்பிடணும்?"

இதில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை. இலவசமாக வாங்கினாலும் காசு கொடுத்து வாங்கினாலும் இந்த நாலும் உங்க உரிமை. தனியார் கடையில் சில ஆயிரத்திலிருந்து லட்ச ரூபாய்க்கு மேலும் விலை இருக்கிறது. அங்கே பொருத்துபவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேளுங்க. சில நாள் போட்டுப் பார்க்கத் தருவார்களா என்றும் கேளுங்க. ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு வரும் 'சவுண்ட் ஆம்ப்ளிஃபையர்' எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி ஏற்றிவிடும். உங்களுக்குக் குறையும் சுருதியை மட்டும் ஏற்ற அதற்குத் தெரியாது.

அப்புறம், பழகும் காலம். பல வருஷம் அமைதியாக இருந்த மூளைக்குத் திடீரென்று பாத்திரம் கழுவுகிற சத்தம், வண்டிச் சத்தம், தன் சொந்தக் குரல் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழும். எரிச்சலாகத்தான் இருக்கும். அதனால் முதல் வாரம் வீட்டுக்குள், அமைதியான அறையில், ஒருவரோடு மட்டும் பேசி, தினம் ஒன்றிரண்டு மணி நேரம் போடட்டும். பிறகு நேரத்தைக் கூட்டுங்க. கடைத்தெருவும் கல்யாண வீடும் கடைசியில் வரட்டும். பழகச் சில வாரங்கள் ஆகும், சிலருக்குச் சில மாதங்கள். "காசு போட்டு வாங்கினோம்ல, நாள் முழுக்கப் போடு" என்று முதல் நாளே அதட்டினால், கருவி மூன்றாம் நாள் பீரோவுக்குப் போய்விடும்.

நாலாம் இடம்: பேட்டரியும் பராமரிப்பும்

கருவியில் சிவப்புக் குறி வலது காதுக்கு, நீலக் குறி இடது காதுக்கு. பேட்டரியின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கருக்கும் நிறக் கணக்கு உண்டு: ஆரஞ்சு என்றால் 13-ஆம் எண், நீலம் என்றால் 675, பழுப்பு என்றால் 312. கடைக்குப் போகும்போது பேட்டரி அட்டையைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்க. இந்த பேட்டரி காற்றுப் பட்டால்தான் வேலை செய்யும். ஸ்டிக்கரை உரித்து ஒரு நிமிஷம் விட்டுப் பிறகு போடுங்க. உரித்துவிட்டால் பயன்படுத்தாவிட்டாலும் தீர்ந்துகொண்டே போகும்; அதனால் தேவைப்படும்போது மட்டும் உரியுங்க. சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் பேட்டரியை எட்டாத இடத்தில் வையுங்க. விழுங்கிவிட்டால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓடணும்.

ராத்திரி கழற்றியதும் பேட்டரிக் கதவைத் திறந்து வையுங்க. நம்ம ஊர் வியர்வையும் கடலோரக் காற்றின் ஈரமும் கருவிக்குப் பெரிய எதிரி. புதுச் செருப்பு டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஒரு மூடிய டப்பாவில் வைத்தாலே நன்றாக உழைக்கும். மோல்டை மட்டும் தனியாகக் கழற்றி வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவலாம். கருவியின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. மோல்டை இணைக்கும் குழாய் சில மாதங்களில் மஞ்சளாகி விறைத்துவிடும், மாற்றச் சொல்லுங்க. குழந்தைக்குக் காது வளர வளர மோல்டையே மாற்றணும்.

"சத்தமே வரல" என்று என்னிடம் வரும் கருவிகளில் பல, பேட்டரி மாற்றியோ மோல்டில் அடைத்த அழுக்கை எடுத்தோ சரியாகிவிடும். அதற்காக ஒரு பெரியவர் இரண்டு பஸ் மாறி வரவேண்டியதில்லை. வீட்டில் ஒருவருக்கு இது தெரிந்தால் போதும்.

எல்லா ஊருக்கும் ஆடியாலஜிஸ்ட் வேண்டுமே?

வேண்டும்தான். ஆனால் அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்களே பரிசோதனை, பொருத்துதல், பின்தொடர்தல் போன்றவற்றில் பெரும்பகுதியைச் செய்ய முடியும், நிபுணர் தூரத்திலிருந்து வழிநடத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2024 மார்ச்சில் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. நம்ம மாநிலத்திலேயே சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆடியாலஜி துறையினர் கிராமப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, இணைய வழியில் குழந்தைகளின் செவித்திறனைச் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். ஆக, வழி இருக்கிறது. மக்கள் கேட்டால் அது இன்னும் பல ஊருக்கு வரும். அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் "எங்க ஊருக்குக் காதுப் பரிசோதனை முகாம் வேணும், கருவி கொடுத்து ஒரு மாசம் கழிச்சு மறுபடியும் வந்து பார்க்கணும்" என்று கேளுங்க. அந்த இரண்டாவது பாதியைச் சேர்த்துக் கேளுங்க.

கருவி வரும்வரை போனையே கொஞ்சம் பயன்படுத்தலாம். ஆண்ட்ராய்டில் 'லைவ் டிரான்ஸ்கிரைப்' செயலி, எதிரில் இருப்பவர் பேசுவதைத் தமிழிலேயே எழுத்தாகக் காட்டும். படிக்கத் தெரிந்த அப்பாவிடம் மருத்துவர் சொல்வதை இப்படிக் காட்டலாம். கத்திப் பேசாதீங்க, முகத்தைப் பார்த்து, வெளிச்சத்தில் நின்று, நிதானமாகப் பேசுங்க. டிவியை அணைச்சுட்டுப் பேசுங்க. இதற்குச் செலவே இல்லை.

கடைசியாக, ஆரம்பத்தில் சொன்ன வேலைக்கே வர்றேன். பீரோவில் அந்தப் பெட்டி கிடைத்தால், பாட்டியைத் திட்டாதீங்க. "ஏன் பாட்டி போடறதில்ல?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்க. கூவுது என்பார், வலிக்குது என்பார், பேட்டரி தீர்ந்துபோச்சு என்பார், இல்லைன்னா "எங்கிட்ட யாரு பேசறா, எதுக்கு அது" என்பார். முதல் மூன்றுக்கும் மருத்துவமனையில் வழி இருக்கிறது. கருவியையும் பாட்டியையும் கூட்டிக்கிட்டு வாங்க, நாங்க பார்த்துக்கிறோம்.

நாலாவதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்.